வியட்நாமிலிருந்து வந்தவன்

அன்று சந்தைக்குப் போனவர்கள் மூன்று பேர்: அம்மா ஓக்ரே, மகள் சுன்மி, இரண்டு வருடம் கழித்து அன்று காலைதான் ஊர் திரும்பிய மகன் தேசிக்.

பஸ்ஸை விட்டு இறங்கியவனை அம்மா வீட்டுக்குக்கூட விடாமல் கொரியாவின் யாங்பியோங் சனிக்கிழமைச் சந்தைக்கு இழுத்துப்போனாள்.

"வியட்நாம்ல வேலை பார்த்தே, மறந்துடாத. உண்மை தெரிஞ்சா அம்மா படுத்த படுக்கையாயிடுவா," என்று சுன்மி தம்பியின் காதில் சொன்னாள்.

ஒரு கடைக்காரர் ருசி பார்க்கப் பாலாடைக்கட்டி கொடுத்தார். தேசிக் கை நீட்டியதும் அம்மா தட்டிவிட்டாள். அடுத்த கடையில் தேனையும் தொடவிடவில்லை.

"ஏம்மா, பசியோட வந்திருக்கான்."

"பொறுக்கட்டும்."

கையால் செய்த டோஃபு, வெள்ளைச் சோயாக் கட்டி, ஒன்று மட்டும் வாங்கினாள். பக்கத்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்ததும் அதை மகன் முன்னால் வைத்தாள்.

"அவனுக்கு டோஃபு ஆகவே ஆகாதேம்மா," என்றாள் சுன்மி.

"தின்னுடா. முழுசா."

"எதுக்கும்மா?" என்றான் தேசிக்.

"ஜெயில்லேர்ந்து வர்றவனுக்கு முதல் வாய் டோஃபுதான். அப்பத்தான் திரும்ப உள்ள போகமாட்டான்."

அம்மா சுன்மி பக்கம் திரும்பினாள்.

"வியட்நாம்லேர்ந்து வந்த கடுதாசியில எல்லாம் நம்ம ஊர் ஸ்டாம்ப். நான் கிழவிதான்டி, குருடி இல்ல."

தேசிக் குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தான்.

வீட்டில் தன் அறைக்குள் போனவன், திறந்த கதவைப் பார்த்தபடி நின்றான்.

"என்னடா நிக்கிற?" என்றாள் அம்மா.

"பூட்ட வருவாங்கன்னு..."

"இங்க யாரும் வரமாட்டாங்க. நீதான் பூட்டிக்கணும்."

அவன் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.