இறக்கி ஏற்றும் வேலை

"மத்த டாக்டருங்க கையை விரிச்ச கட்டிதான். ஆனா ஈரலையும் குடலையும் மொத்தமா வெளியே எடுத்து, ஐஸ்ல வெச்சு, கட்டியை மட்டும் வெட்டிட்டுத் திரும்ப உள்ளே வெச்சிடலாம். நீங்க இன்ஜினை இறக்கி ஏத்துற மாதிரியேதான்!" சிரித்துவிட்டுப் போனார் டாக்டர் ஒகெல்லோ.

நைரோபி மெக்கானிக் கினுத்தியாவின் முகம் வெளுத்தது. "அந்தச் சிரிப்பே சரியில்ல, வைரிமு."

"உயிரைக் காப்பாத்த வந்தவரு மேலேயே சந்தேகமா?" என்றாள் மனைவி.

"நல்லதை அமுக்கிட்டு மட்டமானதை மாட்டி மூடிட்டா யாருக்குடி தெரியும்?"

"சீ, யாராவது அப்படிச் செய்வாங்களா?"

கினுத்தியா அவசரமாகப் பட்டறைக் கூட்டாளிக்குப் போன் போட்டான்.

"டேய், டாக்டர் ஒகெல்லோ காருல நாம கழட்டின ஒரிஜினல் பம்பை இன்னும் விக்கலையே? ஓடிப்போய்த் திரும்ப மாட்டுடா... அவரு என்னைக் கழட்டுறதுக்கு முன்னாடி!"