பூங்கோதை பொருத்திய கூரை

விமானத்தின் மேற்கூரையைப் பொருத்தியவர் அதன் முதல் பயணத்தில் குடும்பத்தோடு ஏறியாக வேண்டும் என்பது சட்டம். சூலூர் ஆலையில் கூரை பொருத்தும் பூங்கோதை, மாமியார் ராமாத்தாளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தாள்.

"மெதுவாப் போ கண்ணு, உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்" என்று ராமாத்தாள் வழி நெடுகப் புலம்பினார்.

மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. சொல்லிவைத்தாற்போல் அத்தனை பயணிகளும் பூங்கோதையும் ராமாத்தாளும் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். கூரை போட்டவள் வீட்டாரின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

"பெரியம்மாவுக்குப் பயமில்லீங்களா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார் ஒருவர்.

பூங்கோதை நன்றாகச் சாய்ந்து வழிவிட்டாள். "நீங்களே பாருங்க."

ராமாத்தாள் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.