மறந்துபோன பாத்தி

“கடைசிப் பாத்தியை இன்னிக்கும் மறந்துட்டீங்களா?”

மியெனின் குரல் கால்வாயின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

லோய் தலையைச் சொறிந்தான். “மறந்துட்டேன்.”

அறுத்த வயலின் வைக்கோலை ஊறவைத்து, சுண்ணாம்பு தெளித்து, பன்னிரண்டு பாத்தி போட்டுப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காளான் வளர்க்கிறார்கள். பதினொரு பாத்தியிலும் விடிவதற்குள் மொட்டுகளை முட்டை பொறுக்குவதுபோல் பொறுக்கிவிடுவான் லோய். கால்வாய் ஓரத்துக் கடைசிப் பாத்தி மட்டும் அவன் கண்ணில் படாது.

வெயில் ஏறினால் மொட்டு குடையாக விரிந்துவிடும். விரிந்ததை, படகில் வந்து காளான் வாங்கும் வியாபாரி தொடமாட்டார். ‘விரிந்தது ஊருக்கு’ என்பது மேகாங் ஆற்றங்கரையில் இந்தப் பக்கத்து வழக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்க வருவது ஒரே ஒருத்திதான். அக்கரை தோவா. புருஷனை இழந்தவள், இன்னும் நாற்பதைத் தொடாதவள். கூடையை ஆட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு மூங்கில் பாலம் தாண்டி வருவாள்.

மியெனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோம்பேறி என்றால் பதினொன்றை எப்படிப் பறிக்கிறான்? மறதி என்றால், மாமனார் திதியைக்கூட நினைவில் வைத்திருக்கிற மனுஷனுக்கு ஒரே ஒரு பாத்தி மட்டும் எப்படி மறக்கிறது? அதுவும் தோவா வருகிற வழியில் இருக்கிற பாத்தி?

யோசனை போன திசை அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. ஊரே சைவம் சாப்பிடும், காளானுக்கு அடிதடி நடக்கும். மியென் புருஷனுக்கு முன்னால் எழுந்து கடைசிப் பாத்தியில் ஒரு மொட்டு விடாமல் பறித்தாள். பிறகு பாலத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தோவா வந்தாள். பாட்டு நின்றது.

“என்னக்கா தேடறீங்க? காளானையா, அவரையா?”

தோவா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் ஓலைத்தொப்பி நழுவுமளவுக்குச் சிரித்தாள்.

“அடி பைத்தியமே! நல்லதாப் போச்சு போ. எட்டு மாசமா காளான் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. வீணாப் போகுதேன்னு பொறுக்கினேன். எனக்கெதுக்குடி? வேண்டாத குப்பைதானே!”

வெறுங்கூடையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். பாட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

மியெனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. சாப்பிடும்போது நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

லோய் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “எல்லாத்தையுமா பறிச்சே?”

“ஆமா. வேண்டாத குப்பைன்னு அவங்களே சொன்னாங்க.”

“போன வருஷம் நம்ம பாத்தியெல்லாம் பச்சைப் பூசணம் பிடிச்சு நாசமாச்சே, ஞாபகமிருக்கா?”

“மறக்குமா? கையில காசில்ல, புதுசா போட வைக்கோலில்ல. பட்டணத்துக்குப் போயிடலாம்னு மூட்டை கட்டினோமே!”

“அப்ப தோவா அக்கா தன் வைக்கோல் மொத்தத்தையும் நமக்குக் கொடுத்தாங்க. என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

“எப்படியும் கொளுத்தத்தான் போறேன், எனக்கெதுக்கு...” மியெனின் குரல் தேய்ந்தது. “...வேண்டாத குப்பைதானேன்னு.”

“அன்னிக்கு வைக்கோல் வாங்கற படகு அவங்க துறையில நின்னுட்டிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப அந்த வயலும் கைவிட்டுப் போச்சு. காலையில அந்தக் கூடை நிறைஞ்சாத்தான் அவங்க வீட்டுல குழம்பு. நாம கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கமாட்டாங்க. விரிஞ்சதுன்னாத்தான்...”

அவன் முடிக்கவில்லை. ஆடிக்கொண்டே போன அந்த வெறுங்கூடைதான் மியெனின் கண்ணில் நின்றது. தான் கேட்ட கேள்வியை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் காலை. படகு வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டுக் கூவினார்.

“ஏம்மா, கடைசிப் பாத்தியில மொட்டெல்லாம் அப்படியே நிக்குதே! சீக்கிரம் பறி, விரிஞ்சிடப் போகுது!”

மியென் தலையைச் சொறிந்தாள்.

“அடடா, மறந்தே போயிட்டேன்!” என்றாள், அக்கரைக்குக் கேட்கும்படி.