மூன்று ஸ்டீபன்கள்

ஜன்னல் வெயில் லேப்டாப்பின் மேலிருக்கும் தூசியைக் காட்டுகிறது. தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த ஸ்டீபன், சீருடையைக்கூடக் கழற்றாமல் மகள் சுகிர்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரையை முறைக்கிறார். தொழிலாளர் வருகைப் பதிவுக்கு அவள் செய்யும் செயலி அது; சோதனைக்கு அவருடைய போட்டோவைப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை செயலியில் வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போதும், பழைய படம் விலகாமல் புதியதும் வந்து நிற்கிறது. இப்போது மூன்று ஸ்டீபன்கள். மத்தியானம் மேனேஜரிடம் காட்டவேண்டும். சொதப்பினால் அவள் வேலை நிரந்தரமாகாது. “ஒரு அப்பனையே உன்னால மேய்க்க முடில. மூணு பேர வச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்கிறார். “பேஜாரு பண்ணாதப்பா.” பக்கம் மாறும்போது பழையதைக் கழற்றிவிடும்படி ஒரு வரி எழுதிவிட்டு, போய்த் திரும்புகிறாள். ஒரு ஸ்டீபன்கூட இல்லை. திரை வெறுமையாக இருக்கிறது. “பாத்தியா, மிஷினு என்னிய வேலைய உட்டே தூக்கிட்ச்சி. இதெல்லாம் நம்பாதம்மா.” அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே அவள் இடக்கை நீண்டு அவருடைய சட்டைக் கையைப் பற்றிக்கொள்கிறது. வலக்கை மட்டும் தட்டித் தட்டித் திருத்துகிறது. போகிறாள், திரும்புகிறாள், மறுபடி போகிறாள், திரும்புகிறாள். ஒரே ஒரு ஸ்டீபன். ஆனாலும் பிடித்த கை விடவில்லை. ஸ்டீபனுக்கு மூக்கு அரிக்கிறது. அவள் பிடித்திருக்கும் கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.