துணிக்கடைப் பெண்

"நர்ஸுங்களுக்கு மட்டும் ரூம் குடுக்கறதில்லை" என்றார் வீட்டுக்காரர்.

"நேரங்கெட்ட நேரத்துல வருவாங்க, போவாங்க. போதாக்குறைக்கு இல்லாத நோயெல்லாம் வீட்டுக்குள்ள வரும்" என்றாள் வீட்டுக்காரம்மா. "நீ என்னம்மா பண்றே?"

இதற்கு முன் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். நர்சிங் முதல் வருஷம் என்றதும் கதவு பாதி சாத்திக்கொள்ளும்.

நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் ஒற்றை அறை. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி. நடந்தே போய்விடலாம். வாடகையும் கையைக் கடிக்காது. இப்போது இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் வார்டில் காலை வேலை பாதி முடிந்துவிடுகிறது. நேற்றுதான் வார்டு சிஸ்டர் கடைசியாகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை லேட்டா வந்தே, பரீட்சை எழுத முடியாது."

"துணிக்கடையில வேலை, சார்."

சாவி கைக்கு வந்தது.

தெருமுனையில் காத்திருந்த தோழியும் அதே வகுப்பு, அதே இரண்டு பஸ்.

"எனக்கெல்லாம் அப்படிப் பொய் வாயில வராதுப்பா" என்றாள், நடந்ததைக் கேட்டுவிட்டு.

"அப்ப பஸ்ல தொங்கு, உண்மைவிளம்பி."

சீருடை கைப்பையின் அடிக்குப் போனது. வெள்ளைச் செருப்புக்குப் பேப்பர் சுற்றினாள். துவைத்த உடுப்பை ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனுக்கு அடியில் காயப்போட்டாள்.

"உங்க கடையில தள்ளுபடி போட்டா முதல்ல என் காதுல போடணும்" என்பாள் வீட்டுக்காரம்மா.

"கண்டிப்பாம்மா."

ஒருநாள் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வீட்டுக்காரம்மா மேலே வந்தாள். கட்டிலில் உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மெத்தையின் மூலையில் விரிப்பு, தபால் உறை மாதிரி மடிக்கப்பட்டு, விறைப்பாக உள்ளே சொருகியிருந்தது.

"எந்தத் துணிக்கடையில இப்படிப் படுக்கை விரிக்கச் சொல்லிக் குடுக்கறாங்க?"

அவள் அவசரமாக அந்த மூலையை இழுத்துக் கலைக்கப் போனாள்.

"ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரிக் கட்டில்ல நான் பாத்த மூலைடி இது. விரல்கூட உள்ள போகாது."

"நாளைக்கே காலி பண்ணிடறேம்மா."

வீட்டுக்காரம்மா கதவைச் சாத்தினாள். புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். சர்க்கரைக்கான ஊசி.

"யாரு காலி பண்ணச் சொன்னா? எனக்குக் கை நடுங்குது. கண்ணை மூடிக்கிட்டு ஒருநாள் தலையணையில குத்திட்டேன். தினம் நீயே போட்டுவிடு. ஆனா அவர் காதுக்குப் போகக் கூடாது. நர்ஸுங்கன்னாலே அவருக்கு ஆகாது."

அடுத்த வாரம் மாடிப்படியில் வீட்டுக்காரர் வழிமறித்தார். கீழே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஆஸ்பத்திரி வரிசையில நின்னப்ப உன்னைப் பாத்துட்டேன். வெள்ளை உடுப்புல."

"சார், அது வந்து..."

"மெதுவா, மெதுவா. எனக்குப் பிரஷர். அந்த வரிசையில நின்னே இன்னும் ஏறுது. நீயே பாத்துச் சொல்லிடேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உப்பை நிறுத்திடுவா. அதுவும் போக, நர்ஸுங்களைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்காது."

அன்றிலிருந்து காலையில் அறைக்குள் ஊசி, மாலையில் மொட்டைமாடியில் பிரஷர். வாடகை என்னவோ அதேதான். ஆனால் அவள் ஒருநாள்கூட வார்டுக்குத் தாமதமாகப் போகவில்லை. பரீட்சையும் எழுதினாள்.

இரண்டாம் வருஷம் விடுதியில் இடம் கிடைத்தது. ஒரே ஒரு இடம். தோழிக்குக் கிடைக்கவில்லை. போன பரீட்சைக்கே வார்டு சிஸ்டரிடம் அழுதுதான் அனுமதி வாங்கியிருந்தாள். இந்த முறை அழுகை எடுபடாது.

"என் ரூம் காலியாகுது. நேரா போய்க் கேளு."

"பொய் சொல்லணுமே."

"வேண்டாம். உள்ளதையே சொல்லு. ரெண்டு பேருக்கும் இப்ப நர்ஸுன்னா உசுரு."

மாலையில் தோழி வந்தாள். வாசலில் கணவனும் மனைவியும் சேர்ந்தே நின்றிருந்தார்கள். மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?"

"நர்சிங் படிக்கிறேன், சார்."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கணவனைப் பார்த்தாள்.

"நர்ஸுங்களுக்குக் குடுக்கறதில்லைம்மா." இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

தெருமுனையில் பஸ் வரும் சத்தம் கேட்டது. தோழி ஓடினாள்.

சற்று நேரத்தில் வீட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"உன் ஃபிரண்டா? துணிக்கடை இல்லேன்னா ஒரு செருப்புக்கடைன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

கீழே கதவு சத்தம் கேட்டதும் மொட்டைமாடிப் பக்கம் நழுவினார்.

அடுத்து வீட்டுக்காரம்மா வந்தாள். ஊசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். விறைப்பாக மடித்திருந்த அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"அவர் பக்கத்துல நிக்கறப்பவா அதைச் சொல்றது? வளந்த பொண்ணு, ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியலையே. என்ன வளர்ப்போ!"