வானிலைப் பெட்டியில் மூன்று டிகிரி

“வெப்பமானி மேல மூச்சு விட்டியா பாப்பா?” என்று நாரின் நகரத்திலிருந்து போனில் கேட்டார் வானிலை நிலையங்களின் கண்காணிப்பாளர் சகினாலி.

ஜனவரியில் அப்பா பனிச்சரிவில் இறந்த பிறகு, பள்ளியை விட்டுவிட்டு நான்தான் அவர் பார்த்துவந்த மலை நிலையத்தில், வெப்பமானி வைத்த வானிலைப் பெட்டியைப் பார்க்கிறேன். பிப்ரவரியிலேயே பனி உருகி மண் தெரிந்தது. பள்ளத்தாக்கு முழுக்க எட்டு டிகிரி என்றால் எங்கள் பெட்டியில் பதினொன்று.

சகினாலி குதிரையில் வந்தார். “இப்படித் தப்பாவே வந்தா நிலையத்தை மூடிடுவாங்க.”

“இவ வாயைத் திறந்து பேசவே மாட்டா. மூச்சா விடப்போறா?” என்றாள் அம்மா. “இவ அப்பாதான் மூஞ்சியை உள்ளே விட்டுப் பார்த்து, மூச்சாலேயே சூட்டை ஏத்திடுவாரு. நீங்களும் திட்டித் தீர்ப்பீங்களே அண்ணே!”

சகினாலி பெட்டியைத் திறந்து மூச்சை அடக்கினார். நானும் அடக்கினேன். காற்று அசையவில்லை. எட்டில் நின்ற பாதரசம் மெதுவாகப் பதினொன்றுக்கு ஏறியது. கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.

“நிலையத்தை மூடிடாதீங்க மாமா,” என்றேன். போனில் எண்களைச் சொன்னதைத் தவிர, அவரிடம் நான் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் பெட்டியைச் சாத்தினார். இறந்தவர் வீட்டில் செய்வதுபோல் இரு உள்ளங்கைகளையும் விரித்து முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு குதிரையேறிப் போய்விட்டார்.