முன்னே பின்னே

முனியாண்டி கோயில் வாசலில் தோட்ட மானேஜரின் லேண்ட்ரோவர் வந்து நின்றபோதே கங்காவின் முகத்தில் வெற்றிக் களை வந்துவிட்டது.

கோயில் இங்கேயே இருக்குமா, புது எண்ணெய் ஆலைக்கு வழிவிட்டு இடிபடுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலேசியாவில் சபாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே எண்ணெயும் மஞ்சளும் ஊறிய ஆள் உயர மரக்கட்டை. அதுதான் சாமி. முதன்முதலில் காடு வெட்ட வந்தவர்கள் காலத்திலேயே அந்தக் கட்டை அங்கே நின்றதாகச் சொல்வார்கள்.

தோட்டத்தைவிடக் கோயில் பழையது என்று நிரூபித்தால் கை வைக்க மாட்டேன் என்று மானேஜர் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். இவர்களால் எங்கே நிரூபிக்க முடியும் என்ற இளக்காரம்தான்.

அதைக் கேட்டு வந்த கோயில் கமிட்டி என்ன செய்தது? கூடி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது. ஒரு கிடா நேர்ந்துகொண்டது. தலைவர் நல்லசாமி, கங்காவுக்குப் பெரியப்பா முறை, எல்லாம் சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்.

சாமி பார்த்துக்கொள்ளுமாம்! ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் கங்காதான் கோலாலம்பூர் வரைக்கும் அலைந்து ஒரு தொல்லியல் விரிவுரையாளரைப் பிடித்து வந்தாள். மரத்துக்குள் ஒருவகைக் கரி இருக்கிறது, மரம் செத்த நாளிலிருந்து அது தேய்ந்துகொண்டே வரும், தேய்மானத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும் என்று கமிட்டிக்கு அவளே பாடம் எடுத்தாள். அந்த மண்டைகளில் ஏறியதாகத் தெரியவில்லை.

விரிவுரையாளர் கட்டையின் நடுவில் துளை போட்டுக் கொஞ்சம் மரம் எடுத்துப் போனார். நூற்றைம்பது வருடம் என்று முடிவு வந்தது. நூறு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரு வாலும் சேர்ந்து வந்தது.

மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்துக்கு வயது எண்பது. அந்த நூறு வருடப் பிசகுக்குள் தோட்டமும் அடங்கும், மானேஜரின் தாத்தாவும் அடங்குவார். கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளையின் வயதை இதைவிடச் சரியாகச் சொல்வார்.

கங்கா விடவில்லை. பெரிய துண்டாகக் கொடுத்தால், நன்றாகச் சுத்தம் செய்து இன்னும் அதிக நாள் அளந்தால், பிசகை இருபது வருடத்துக்குக் குறைக்கலாம் என்றார் விரிவுரையாளர். மறு வருடம் தன் உதவியாளரை அனுப்பினார். மண்ணுக்குள் புதைந்திருந்த அடிக்கட்டையிலிருந்து அவர் ஒரு துண்டு அறுத்துக்கொண்டார். மண்ணுக்குக் கீழே இருப்பது சாமியில் சேர்த்தி இல்லையாம், கமிட்டி மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவழியாக இவர்களுக்கும் புத்தி வந்துவிட்டது என்று, உதவியாளரைக் கூட்டி வந்த காரைவிட்டு இறங்காமலேயே கங்கா நினைத்துக்கொண்டாள்.

இப்போது விரிவுரையாளர் தொண்டையைக் கனைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

இந்தத் தடவை பிசகுக்கு இடமே இல்லை. 1950களுக்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கரி இந்த மரத்துக்குள் இருக்கிறது. வெட்டி ரொம்ப நாள்கூட ஆகியிருக்காது.

மானேஜர் சிரிக்கக்கூட மெனக்கெடவில்லை. அடுத்த வாரம் மண்வாரி வரும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கங்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டன் பூட்டன் காலத்துக் கட்டை என்று இத்தனை வருடமாக ஊரையே ஏமாற்றியிருக்கிறார்கள். படித்த மனிதர் முன்னால் அவளையும் சேர்த்து அவமானப்படுத்திவிட்டார்கள்.

"வெக்கமா இல்லயா பெரியப்பா? நேத்து வெட்டுன கட்டைய நட்டு வச்சிக்கிட்டா இவ்வளவு நாளா பூச போட்டீங்க?"

நல்லசாமிக்கு அவள் கோபமே விளங்கவில்லை.

"நீங்க ஓட்ட போட்டதுல சாமி பின்னமாயிருச்சே தாயி. பின்னமான சாமிய கும்புடலாமா? மொறப்படி பாகான் நக்கோடா ஓமார் கடக்கரைக்குக் கொண்டுபோயி, போட்டுல ஏத்தி, நடுக்கடல்ல விட்டுட்டு வந்தோம். அப்பறம் புதுக் கட்டையில சாமிய எறக்குனோம். அதே சாமிதான் லா, கட்டதான் புதுசு."

கங்கா கட்டையின் நடுவில் விரிவுரையாளர் போட்ட துளையைத் தேடினாள்; காணோம்.

"கும்பாபிஷேகத்துக்கு உனக்கும்தான் சொல்லி அனுப்புனோம்" என்றார் நல்லசாமி. "இதுக்கெல்லாம் லீவு எடுக்க முடியாதுன்னு நீதானே சொன்ன."